சுவரில் எழுந்த யுத்தம்

தமிழகத்தின் கீழப்பாவூரில் பதினாறு கரங்களுடன் இரணியனை மடியிற் கிடத்தி வதைக்கும் நரசிம்ம மூர்த்தியைத் தரிசிப்போர், அந்த உக்கிரம் ஆணுக்குரியதா பெண்ணுக்குரியதா என்று கேட்பதில்லை. மனிதனும் மிருகமும் அல்லாத அவ்வுருவில் கோபம் தர்மத்தின் கருவியாக மாத்திரமே நிற்கிறது. மானிடரோ தம் யுத்தங்களைத் தெருச்சுவரில் தீட்டப் புகுந்தால், ஆயுதத்தை ஆணின் கையிலும் கண்ணீரைப் பெண்ணின் விழியிலும் வைத்துவிடுகிறார்கள்.

2019 நவம்பரில் கோத்தபாய ராஜபக்ச அதிபரானதும் இலங்கைச் சுவர்களில் இளைஞர் தீட்டிய சித்திரங்களில், பண்டை மன்னரும் போர்வீரரும் வெற்றியின் பிரதிமைகளாய் எழுந்தனர். அதே காலத்தில் கிளிநொச்சித் தெருவோரத்தில், உள்நாட்டுப் போரில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் புகைப்படங்களை ஏந்தி, 2017 முதல் தாய்மார் அமர்ந்திருந்தனர். அப்படங்களே அவர்களுடைய சுவர்.

2022 நவம்பரில் உக்ரைனின் ஹொஸ்டோமெலில், போரிற் சிதைந்த கட்டடச் சுவரொன்றில் தெருவோவியர் பாங்க்ஸி வரைந்த பெண் வேறு ஜாதி: தலையில் கூந்தற் சுருளிகள், வீட்டு அங்கி, நச்சுவாயு முகமூடி, கையில் தீயணைப்பான். அவள் அழவுமில்லை, கொல்லவுமில்லை. அவளை எந்தத் தெய்வத்தோடு ஒப்பிடுவது? நரசிம்மத்தின் சினத்தைத் தணிக்கத் திருமகளும் அணுக அஞ்சிய வேளையில், அருகே சென்றவன் பிரகலாதன் என்னும் சிறுவனே என்று பாகவதம் கூறுகிறது.