அடைக்கலமும் அறுவை மருத்துவமும்

அடிபட்ட தெருநாய் ஒன்றைத் தூக்கி வந்து, அதன் அறுவை மருத்துவத்துக்காக ஊராரிடம் பணம் திரட்டுவது மலேசியாவில் இன்று அடிக்கடி காணும் செய்தியாகிவிட்டது. முன்பு உண்டியலும் நன்கொடைச் சீட்டும் சுற்றி வந்தன. இப்பொழுது கைப்பேசியில் ஒரு படமும் வங்கிக் கணக்கு எண்ணும் வந்து சேர்கின்றன. பார்ப்பவருள் சிலர் இரங்கிக் கொடுக்கின்றனர். சிலர், மனிதனுக்கே மருந்தில்லாத உலகில் நாய்க்கு அறுவையா என்று வினவுகின்றனர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. வகுப்பறையில் அருளுடைமையைக் கற்பிப்போரும் கற்போருமாகிய நாம், இதனைச் சற்று நின்று பார்ப்பது நன்று.

முதலில் செலவு எத்தகையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியில் மோதுண்ட நாய்க்குத் தொடையெலும்போ இடுப்பெலும்போ முறிவது பெரும்பாலும் நிகழ்வது. இடுப்பெலும்பு முறிவு சில வேளைகளில் கூண்டில் அடைத்து வைத்த ஓய்விலேயே கூடிவிடும். தொடையெலும்பு முறிந்தால் உலோகத் தகடும் திருகாணியும் வைத்து இணைக்க வேண்டியிருக்கும். காலைக் காக்க இயலாத இடத்தில் காலையே எடுத்துவிடுவர். மூன்று காலில் நாய்கள் நாம் வியக்கும் வண்ணம் ஓடியாடுகின்றன. கருத்தடை செய்யப்படாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டினால், உடனடி அறுவையே பெரும்பாலும் வழி. குருதிச் சோதனை, ஊடுகதிர்ப் படம், மயக்க மருந்து, அறுவை, பல நாள் தங்கல் என்று கூட்டிப் பார்த்தால் தொகை சில ஆயிரம் வெள்ளியைத் தொடுவது இயல்பு. மலேசியாவில் 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. ஆகவே ஒரு தொழிலாளியின் இரண்டு மூன்று மாத உழைப்பு ஒரு நாயின் காலுக்குச் செல்கிறது என்பது மிகைக்கூற்றன்று.

இனி, மனிதர் இருக்க நாய்க்கா என்பாரைப் பார்ப்போம். மனிதருக்கும் கொடாமல், நாய்க்குக் கொடுப்பாரையும் தடுப்பவர் ஒரு வகையினர், அவர்களை விட்டுவிடலாம். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்ட தந்தையை வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் சென்று, கட்டணத்துக்கு அல்லாடும் ஒருவர் இதைக் கேட்டால் என்ன சொல்வது? அவர் முகத்தைப் பார்த்து, எல்லா உயிரும் ஒன்றே என்று பாடம் நடத்துவது அழகன்று. அவருக்கும் கொடுப்பதே அவருக்குரிய விடை. நாய்க்குக் கொடாததனால் மட்டும் அவர் தந்தைக்கு ஒரு காசும் சேர்ந்துவிடாது என்பது உண்மையே. எனினும் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் கூசுகிறது.

இவ்வினாவை அதன் எல்லை வரை கொண்டு சென்றவர் பீட்டர் சிங்கர் என்னும் ஆஸ்திரேலிய மெய்யியலாளர். 1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்காள மக்கள் உற்ற துயரத்தை முன்னிட்டு, 1972இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒப்பான மதிப்புடைய ஒன்றை இழக்காமல் ஒரு பெருந்தீங்கைத் தடுக்க முடியுமானால் தடுப்பதே கடமை. துன்புறுவோர் அண்மையில் உள்ளாரா, சேய்மையில் உள்ளாரா என்பது அறத்தில் கணக்கில்லை என்பது அவர் கருத்தின் சாரம். இதன்படி திருமண மண்டபமும் பட்டுப் புடவையும் நாம் அச்சிடும் கட்டுரைத் தொகுப்பும்கூடக் குற்றக்கூண்டில் ஏறவேண்டும். அவரே 1975இல் விலங்குகளின் விடுதலைக்காகவும் ஒரு நூல் எழுதினார். ஆதலின் அவர் நாயை வெறுப்பவர் அல்லர். ஆயினும் அவர் வழியில் எண்ணுவோர், ஒரு நாயின் தொடையெலும்புக்குச் செலவாகும் பணத்தில் பல நாய்களுக்குக் கருத்தடை செய்யலாமே, பிறந்து சாலையில் சாகும் குட்டிகள் குறையுமே என்பர். 'மனிதனுக்கே இல்லை' என்னும் கூற்றைவிட இதுவே வலிய தடை என்பது என் கருத்து. இது நாயின் நலத்தையே முன்வைத்து நாய்க்கு எதிராகப் பேசுகின்றது.

நம் இலக்கியத்தில் இதற்கு விடை தேடுவோர் பாரியின் தேரையும் பேகனின் போர்வையையும் நினைவுகூர்வர். கொடி தேர் கேட்கவில்லை. மயில் போர்வை கேட்கவில்லை. பயன் பாராது கொடுத்த அப்பண்பைப் புலவர்கள் கொடைமடம் என்று பாராட்டினர். ஆனால் இந்த எடுத்துக்காட்டு நம் செய்திக்குப் பொருந்தாது. மயிலுக்குப் போர்வை வேண்டியதில்லை. எலும்பு முறிந்த நாய்க்கு மருத்துவம் வேண்டும். அருள் என்று சொன்னாலும் முழு விடை கிட்டாது. அருள் எல்லா உயிர்க்கும் பொதுவானது. தெருவில் நூறு நாய் இருக்க, இந்த நாய்க்கு மட்டும் ஏன் என்பதை அது சொல்லவில்லை.

சொல்லக்கூடிய சொல் ஒன்று நம்மிடம் உண்டு, அது அடைக்கலம். மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணிடம் ஒப்படைத்தார். கண்ணகி மாதரிக்கு உறவல்லள். கோவலன் கொலையுண்டதில் மாதரியின் குற்றம் எதுவுமில்லை. எனினும் அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று அவள் தீயில் புகுந்ததை வஞ்சிக் காண்டம் கூறுகிறது. உலகில் உள்ள துன்புறும் பெண்டிர் அனைவர்க்கும் அவள் பொறுப்பேற்கவில்லை, ஒருத்திக்கு ஏற்றாள். பாரதத்தின் இறுதியில் தருமன், உடன் வந்த நாயை விட்டுத் தேரேற மறுத்ததும் இத்தகையதே. அந்த நாய் அறக்கடவுளாக மாறியதைச் சொல்லிக் கதையை முடிப்பது நம் வழக்கம். அதைச் சொல்லாமல் விடுவதையே நான் விரும்புகிறேன். மறுத்த வேளையில் தருமனுக்கு அது வெறும் நாய்தான். நம் அண்டை வீட்டு மலாய் நண்பர்கள் அறிந்த நபிமொழி ஒன்றும் உண்டு. கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் முகந்து, தாகத்தால் தவித்த நாய்க்குக் கொடுத்த வழிப்போக்கரின் பிழைகளை இறைவன் பொறுத்தான் என்பது அது. அவரும் கண்முன் நின்ற ஒரு நாயின் தாகத்தைத்தான் தீர்த்தார்.

ஆனால் கண்ணகியைப் போல நாய் அடைக்கலம் என்று வந்து நிற்பதில்லை. சாலையோரத்தில் கிடக்கும் அது, தூக்கப் போகும் கையைக் கடிக்கவும் கூடும். நாம்தான் அதனைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றுகிறோம். அக்கணமே, பின்னால் வரக்கூடிய வேறொருவர் உதவும் வாய்ப்பை நாம் எடுத்துக்கொண்டோம். நாயின் விதி நம் கைக்கு வந்துவிட்டது. 2015ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மலேசிய விலங்கு நலச் சட்டம், விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை தண்டமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. வலியினின்றும் நோயினின்றும் விலங்கைக் காப்பது அதனை வைத்திருப்பவரின் கடமை என்றும் அச்சட்டம் கூறுகிறது. தெருநாய்க்கு அவ்வாறு ஒருவர் இல்லை. தூக்கியவரே அந்த ஒருவர் ஆகிறார்.

இங்கேதான் பணம் திரட்டுவதன் அறச்சிக்கல் தொடங்குகிறது. அடைக்கலம் கொடுத்தவர் ஒருவர்; செலவைத் தாங்கும்படி கேட்கப்படுபவர் பலர். மாதரி தன் கடனை ஊரார் தலையில் ஏற்றவில்லை. நாம் ஏற்றலாமா? கேட்கலாம், ஆனால் கேட்கப்படுபவர் கடன்பட்டவர் அல்லர் என்பதை மறவாமல் கேட்கவேண்டும். குருதி வழியும் படத்தை அனுப்பி, இதைக் கண்டும் கொடாதவர் கல்நெஞ்சர் என்று எழுதுவது இரத்தலாகாது. அது பறித்தலின் மெல்லிய வடிவம். மாணவர் கையில் சீட்டைக் கொடுத்து வகுப்பில் வசூலிப்பதிலும் இந்த இடர் உண்டு. பத்துக் காசு இல்லாத பிள்ளையும் அவ்வகுப்பில் அமர்ந்திருக்கின்றது. வீடு வீடாகவும் தெருவிலும் பணம் திரட்ட உரிமம் வேண்டும் என்னும் சட்டம் 1947 முதல் மலேசியாவில் இருப்பது, பிறர் பணத்தின்மேல் கை வைப்பது எத்துணைப் பொறுப்புடையது என்பதைக் காட்டும்.

கணக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். 5,000 வெள்ளி சேர்கிறது என்று கொள்வோம். நாய் இரண்டாம் நாளே இறந்துவிடுகிறது; மருத்துவச் செலவு 2,000. எஞ்சிய 3,000 யாருடையது? திரட்டியவருடையது அன்று. கொடுத்தவர் அந்த நாய்க்கென்றே கொடுத்தார்; அந்த நாயோ இல்லை. வேறு நாய்க்குச் செலவிட்டேன் என்பது நல்லெண்ணமாக இருக்கலாம். ஆனால் கொடுத்தவரைக் கேளாத நல்லெண்ணம். எஞ்சினால் என்ன செய்வோம் என்பதை முதல் வேண்டுகோளிலேயே எழுதிவிட்டால் இச்சிக்கல் எழாது. மருத்துவமனைக்கே நேரே செலுத்துமாறு கேட்பதும், பற்றுச்சீட்டை எல்லார்க்கும் காட்டுவதும் நம்பிக்கையைக் காக்கும்.

நாய்க்குச் செய்யவேண்டிய கடன் இவற்றினும் கடியது. பணம் சேர்ந்துவிட்டது என்பதனாலேயே அறுவை செய்தாக வேண்டும் என்று ஒரு நெருக்கம் உண்டாகிவிடுகிறது. நூறு பேர் கொடுத்திருக்க, மருத்துவர் இனிப் பயனில்லை என்று சொன்னால், அதை அந்த நூறு பேருக்கும் சொல்லத் துணிவு வேண்டும். தண்டுவடம் அறுந்து, வலியன்றி வேறெதுவும் எஞ்சாத உயிரை அறுவைமேல் அறுவையாக இழுத்துச் செல்வது அடைக்கலம் ஆகாது. வலியில்லாமல் முடிவு தருவதும் சில வேளை அடைக்கலத்தின் பகுதியே. தன் சார்பில் இசைவு சொல்லவோ மறுக்கவோ அந்த உயிரால் இயலாது. அதன் வாயாக இருப்பவர் தம் ஆசையை அதன் ஆசையாக எண்ணிக்கொள்ளும் இடம் இதுதான்.

கருத்தடை வாதத்துக்கு மீண்டால், அது சங்கங்களுக்கு முழுமையாகப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். பொதுப் பணத்தை வைத்திருக்கும் அமைப்பு ஒரு நாய்க்கு இவ்வளவு என்று வரம்பு வகுத்து, மிகுதியைக் கருத்தடைக்கு ஒதுக்குவதே முறை. கருத்தடை போதுமான அளவு நடவாத ஊரில் நகராண்மைக் கழகத்தின் பிடிவண்டி வந்து நிற்கும். தூக்கி வந்த தனி ஒருவருக்கு அவ்வரம்பு இல்லை. அவர் ஏற்றது ஓர் உயிரை.

மேலும், வேண்டுகோள்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் ஒன்று உண்டு. தையல் பிரிக்கும் நாளில் அந்த நாய் எங்கே செல்லும்? அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் நாய் வளர்க்க இசைவில்லை. சிங்கப்பூரில் அரசு வீடமைப்புக் கழக வீடுகளுக்குள் கலப்பின நாய்கள் சில நிபந்தனைகளோடு ஏற்கப்படத் தொடங்கியதே 2012இல்தான். மூன்று காலோடு மீண்ட நாயை மீண்டும் அதே சாலையோரத்தில் இறக்கிவிட்டால் திரட்டிய பணத்துக்கு என்ன பொருள்? ஆகவே தொகையோடு, சிறு முற்றமும் வேலியும் உள்ள ஒரு வீட்டையும் சேர்த்தே கேட்கவேண்டும். அதுவும் அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே.