கடைசி மணிநேரக் கூலி

பள்ளியில் தோற்றுப்போன பதினேழு வயதுப் பிள்ளைக்கு மறுபடி ஒரு வாய்ப்புத் தருவது கருணையா, கடனா? அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. சிகாகோவுக்கு அருகே ஜோலியெட்டில் 1901இல் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரி இவற்றில் மூத்தது. இப்படிப்பட்ட கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த ஆணையம் 1947இல் சொன்னது. 1960இல் கலிஃபோர்னியா வகுத்த பெருந்திட்டத்தில் படிப்பில் முன்னணியில் உள்ள எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்கு மாநிலத்தின் முதல்நிலைப் பல்கலைக்கழகம், முன்னணி மூன்றில் ஒரு பங்கினருக்கு அடுத்த நிலைக் கல்லூரிகள், மற்ற யாராக இருந்தாலும் சமுதாயக் கல்லூரி என்று ஏற்பாடாயிற்று. கதவு திறந்துவிட்டது. ஆனால் என்ன மனதோடு திறந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உள்ளே வந்தவரை நடத்துகிறார்கள். கருணை என்றால் கிடைத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். கடன் என்றால், கொடுத்தது போதுமா என்று கேட்கலாம். கடன்தான் என்பது என் கட்சி.

கருணை காட்டி மன்னிக்க வேண்டுமானால் முதலில் ஒரு குற்றம் இருக்க வேண்டும். படிப்பில் பின்தங்கியதில் பிள்ளையின் குற்றம் எத்தனை பங்கு, ஊரின் குற்றம் எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அமெரிக்கப் பள்ளிகளின் வருமானத்தில் கணிசமான பகுதி அந்தந்த ஊரின் சொத்துவரி. வீட்டு விலை குறைந்த ஊரில் பிறந்தவரின் வகுப்பறையை அந்த விலையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பிறவித் திறமையும் குடும்பச் சூழலும் யாரும் உழைத்துச் சம்பாதித்தவை அல்ல என்று 1971இல் தத்துவவாதி ஜான் ரால்ஸ் வாதிட்டபோது, முயற்சி செய்யும் மனம்கூட வளர்ந்த இடத்திலிருந்து வருகிறது என்றும் சேர்த்துச் சொன்னார். அப்படியானால் யாருக்கும் எதற்கும் பொறுப்பில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பொறுப்பு இருக்கிறது. ஆனால் அதைப் பழைய மதிப்பெண் பட்டியலில் தேடக் கூடாது, இனி செய்யப்போகும் வேலையில் கேட்க வேண்டும்.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் உவமை வருகிறது. விடியற்காலையில் வந்தவருக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவருக்கும் ஒரே கூலி. கடவுளின் தாராளத்தைச் சொல்லவே இதைப் பிரசங்கத்தில் எடுப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நடுவில் வரும் சிறு உரையாடல். ஏன் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள் அவர்கள். அந்தப் பதிலை அவர் சந்தேகிக்கவில்லை, தோட்டத்துக்குப் போகச் சொல்கிறார். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஒழுங்காகப் படித்தவருக்கு இது அநியாயம் இல்லையா என்று இன்று கேட்கப்படுவதும் அதே முணுமுணுப்புதான். அவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை என்பது உவமை தரும் விடை. கல்லூரியின் விஷயத்தில் விடை இன்னும் வலுவானது. அங்கே தாமதமாக வந்தவருக்குக் கிடைப்பது கூலி அல்ல, வேலை. பாடத்தை அவரேதான் படித்துத் தேற வேண்டும்.

இப்படி வேலைக்குக் கூப்பிட்டுப் பார்த்த கல்லூரிகள் உண்டு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள லகார்டியா சமுதாயக் கல்லூரி, படிப்பை விட்டுவிடக்கூடும் என்று கருதப்பட்ட பிள்ளைகளுக்காக 1974இல் தன் வளாகத்துக்குள்ளேயே ஒரு மேல்நிலைப்பள்ளியை நடத்தத் தொடங்கியது. போர்ட்லண்ட் சமுதாயக் கல்லூரி 2000இல் தொடங்கிய 'கேட்வே டு காலேஜ்' திட்டத்தில், பள்ளியை விட்டுப்போன இளைஞர்கள் பள்ளிச் சான்றிதழையும் கல்லூரிப் பாடங்களையும் ஒருசேர முடிக்கலாம். அடங்காத பிள்ளையைப் பெரியவர்களின் நடுவே கொண்டுபோய் உட்காரவைக்கத் துணிவு வேண்டும். பழைய மதிப்பெண் அந்தப் பிள்ளையைப் பற்றிய முடிவான தீர்ப்பு என்று நம்புகிறவர் இந்தத் துணிவுக்கு வரவே முடியாது.

அந்த முணுமுணுப்பைவிடக் கடுமையான ஆட்சேபம் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960இல் எழுப்பியது. இந்தக் கல்லூரிகள் மாணவரின் ஆசையை மெல்ல ஆறவைத்து, தோல்வியைத் தன் தவறு என்றே ஏற்றுக்கொள்ள வைக்கின்றன என்றார். சேர்ந்தவர்களில் பாதிப்பேர்கூட ஆறு ஆண்டுகளில் பட்டமோ சான்றிதழோ பெறுவதில்லை என்பதை வைத்துப் பார்த்தால் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய 'ஏசாப்' திட்டம் வேறொன்றைக் காட்டுகிறது. அடிப்படைப் பாடங்களை மறுபடி படிக்க வேண்டிய நிலையில் இருந்த ஏழை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் உதவித்தொகை போக மீதமிருந்த கட்டணம் தள்ளுபடி, புத்தகம், பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்குமான பயண அட்டை, 60 முதல் 80 பேருக்கு ஓர் ஆலோசகர். வழக்கமாக ஓர் ஆலோசகர் பொறுப்பில் 600 பேருக்கு மேல் இருப்பார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களில் 40 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 22 விழுக்காட்டினரும் பட்டம் வாங்கியிருந்தார்கள். ஓஹையோவின் மூன்று கல்லூரிகளில் செய்து பார்த்தபோதும் பலன் ஏறக்குறைய இதே அளவுதான். இடையில் உள்ள, நூற்றுக்குப் பதினெட்டுப் பேரிடம் அறிவோ உழைப்போ குறைவாக இருந்ததில்லை. பயண அட்டை இல்லாமல், பேச ஆளில்லாமல் விட்டிருந்தால் அவர்களையும் படிப்பு வராதவர்கள் கணக்கில்தான் எழுதியிருப்போம்.

உதவி பெற்றும் பட்டம் வாங்காத, நூற்றுக்கு அறுபது பேரின் கதை இதனால் தீரவில்லை. ஏசாப் திட்டத்தில் முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரவுப் பணிக்குப் போகிறவரும் கைக்குழந்தை வைத்திருப்பவரும் அதில் சேருவதே கடினம். சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பான்மையோர் பகுதிநேரமாகப் படிப்பவர்கள். ஓர் ஆலோசகரும் ஒரு பயண அட்டையும் முதலில் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.