உச்சிவெயிலும் மீனின் அடைக்கலமும்

கோடைகாலத்து நடுப்பகலில் தூண்டிலோடு புறப்படுகிறவனைக் கண்டால், மீன் பிடிப்பதில் ஆயுளையே செலவிட்டவர்கள்கூட, விடியலில் வந்திருக்கலாமே, இல்லாவிட்டால் அந்தி சாயும்வரை பொறுத்திருக்கலாமே என்று அனுதாபத்தோடு சொல்வது எல்லா நாடுகளிலும் வழக்கமாக இருக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தின் வடகிழக்கே, டென்னஸி நதியை மறித்து எழுப்பிய கண்டர்ஸ்வில் ஏரியின் கரையிலும் இந்த வழக்கத்துக்குக் குறைவில்லை. ஜூலை மாதத்தில் காலை 10 மணி ஆவதற்குள் பாஸ் மீனைத் தேடி வந்த படகுகளில் பெரும்பாலானவை துறைக்குத் திரும்பிவிடும். அதன்பின் சுமார் 69,000 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரி, ஒரு ஜீவன்கூட இல்லாததுபோலக் கண்கூச மின்னிக்கொண்டு கிடக்கும். ஆனால் அந்த நேரத்தில் மீன்கள் ஏரியை விட்டு எங்கும் போய்விடுவதில்லை. பிழைப்பின் நிமித்தம் இந்த ஊர்ப்பக்கம் வந்து குடியேறிய நான், அவை எங்கே ஒதுங்குகின்றன என்பதைச் சிறுகச் சிறுகக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகு, ஓர் உயிர் வெக்கைக்கு அஞ்சி ஒதுங்கும் இடத்தை அறிந்தவன் அந்த அறிவை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், எதைச் செய்யலாகாது என்ற கேள்வி என்னை விடாமல் பற்றிக்கொண்டது.

முதலில் அந்த மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருவாய் பாஸ் என்று பெயர் பெற்ற இந்த இனத்துக்கு வாயின் கோடு கண்ணையும் கடந்து பின்னே ஓடியிருக்கும், முதுகு பாசிப் பச்சை, வயிறு வெண்மை, விலாவின் நடுவே செவுளிலிருந்து வால்வரை சிதறிய கரும்பட்டை ஒன்று செல்லும். தண்ணீரின் உஷ்ணம் எதுவோ அதுவே அதன் தேகத்தின் உஷ்ணமும் ஆகையால், கோடை முற்ற முற்ற அதன் ஜீரணமும் சுவாசமும் துரிதப்படுகின்றன. ஆகாரமும் பிராணவாயுவும் அதற்கு அதிகமாகத் தேவைப்படுகின்றன. தேவை இவ்வாறு பெருகும் அதே பருவத்தில் தண்ணீர் தன்னிடமுள்ள பிராணவாயுவை இழந்துவிடுகிறது என்பதுதான் பரிதாபம். 10 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கக்கூடிய நன்னீர், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவுக்குமேல் தாங்காது. ஆழம் மிகுந்து ஓட்டமில்லாமல் நிற்கும் நீர்த்தேக்கங்களிலோ இன்னொரு சங்கடம்: மேலே வெதுவெதுப்பான ஓர் அடுக்கும், அடியில் குளிர்ந்த ஓர் அடுக்குமாகத் தண்ணீர் பிரிந்துவிட, அடியிலுள்ள குளிர்ச்சியைத் தேடிப் போகலாமென்றால் அங்கே மக்கும் பொருள்கள் பிராணவாயுவை உண்டு தீர்த்திருக்கும். மேலே வெயில், கீழே மூச்சுக்கு வழியில்லை. போதாக்குறைக்கு, மற்ற மீன்கள் பலவற்றைப் போலவே இதற்கும் மூடிக்கொள்ள இமை கிடையாது.

ஆகவே அது நிழலைத் தேடுகிறது. படகுத்துறைகளின் பலகைக்கு அடியிலும், குளிர்ந்த ஓடைகள் ஏரியில் வந்து கலக்கும் வாய்களிலும் ஒதுங்கும். கண்டர்ஸ்வில் ஏரியில் எல்லாவற்றுக்கும் மேலாக நீர்ப்பூண்டுப் படலங்களுக்குக் கீழே ஒதுங்கும். இந்தப் பூண்டுகளில் ஒன்று ஹைட்ரில்லா. நம் நாட்டுக் குளங்களில் காலைச் சுற்றும் அந்தக் கொடி, மீன்தொட்டி வணிகத்தின் வழியாக 1950களில் புளோரிடாவில் வந்திறங்கி, அங்கிருந்து தெற்கு மாநிலங்களின் நீர்நிலைகளையெல்லாம் பற்றிக்கொண்டது. கோடையின் மத்தியில் அது ஏரியின் மேற்பரப்பில் மெத்தைபோல் விரிந்து, மேலே வெயிலில் காய்ந்து மஞ்சளாகிப் பழுப்பேறிவிடும். படகை அதன்மேல் ஓட்டி நிறுத்தி, கையால் ஒரு பிடி விலக்கிப் பார்த்தால், மேலே வெந்நீர் போலிருந்த தண்ணீர் ஒரு முழம் கீழே சற்றே குளிர்ந்திருப்பதும், தண்டுகளுக்கு நடுவே இருண்ட அறைகள்போல வெற்றிடங்கள் இருப்பதும் தெரியும். அசையாமல் இருந்தால், சின்னஞ்சிறு மீன்கள் இலைகளின் அடிப்புறத்துப் பூச்சிகளை உறிஞ்சும் 'சுக், சுக்' என்ற ஓசை படலத்தின் அடியிலிருந்து கேட்கும். அந்தச் சிறுமீன்களைத் தின்ன வந்து, தின்றபின் அங்கேயே இளைப்பாறிக்கொண்டு பாஸ் நிற்கும்.

இந்த அறைகளுக்குள் தூண்டிலை இறக்க ஒரு முறை இருக்கிறது. கனத்த டங்ஸ்டன் குண்டொன்றைத் தடித்த தூண்டில் நரம்பின் நுனியில் கோத்து, அதன் பின்னே ரப்பர் இரையொன்றை மாட்டி, படலத்தின்மேல் உயரத்திலிருந்து விழவிட்டால், அது பூண்டைப் பிளந்துகொண்டு மீனின் முகத்தெதிரே போய் இறங்கும். மீனுக்கு அப்போது பசி இராது. ஆயினும் முகத்தெதிரே திடீரென்று விழுந்த ஒன்றை அது தன்னையறியாமல் கவ்விவிடும். இது பசியினால் கவ்வியதன்று, பதற்றத்தினால் கவ்வியது என்பதை இந்த முறையில் வல்லவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அந்தப் பதற்றத்தை எழுப்புவதே அவர்களுடைய சாமர்த்தியமாகவும் இருக்கிறது. நடுப்பகலில் மிகப் பெரிய மீன்கள் பல இப்படித்தான் அகப்படுகின்றன.

நடுப்பகலில் மீன் பிடிக்க இன்னொரு வழியும் உண்டு. அதை எனக்குக் காட்டியவர், அணை ஒன்றில் டர்பைன்களைப் பராமரித்து ஓய்வு பெற்ற, எங்கள் தெருவிலுள்ள பெரியவர் ஒருவர். அவருடைய முறையை விளங்கிக்கொள்ள, இந்த ஏரி ஒரு காலத்தில் ஏரியாக இருக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1933இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தினால் பிறந்த டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம், வெள்ளத்தைத் தடுக்கவும், கப்பல் வழியை ஆழமாக்கவும், வறுமைப்பட்ட இந்தப் பிரதேசத்துக்கு மின்சாரம் தரவும் நதி நெடுகிலும் அணைகளைக் கட்டியது. கண்டர்ஸ்வில் அணை 1939இல் முடிந்தது. குடியானவர்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டு மேட்டுக்குப் போனார்கள். வயல்களும் சாலைகளும் நீரில் மூழ்கின. பழைய நதியோ, ஏரியின் அடியில் தன் தடத்திலேயே இன்னும் கிடக்கிறது. பத்துப் பதினைந்து அடி ஆழத்தில் சமமாக வரும் தரை, பழைய நதிக்கரையின் விளிம்பை எட்டியதும் 30 அடிப் பள்ளத்துக்குச் சரிந்து இறங்கும். அந்த விளிம்பில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சிப்பி ஓடுகள் படுகை படுகையாக இருக்கின்றன. ஈயக் குண்டை அடியில் போட்டு மெல்ல இழுத்தால், சேற்றின்மேல் வரும்வரை கையில் ஒன்றும் தெரியாது. சிப்பிப் படுகையை எட்டியதும், கடகடவென்று ஒரு நடுக்கம் நரம்பு வழியாக ஏறிக் கோலைப் பிடித்த விரல்களில் தட்டும். கண்ணால் ஒருபோதும் காணாத நதிக்கரையொன்றை விரல் நுனியால் தடவிப் பார்க்கும் அந்தக் கணம், எனக்கு இந்தப் பொழுதுபோக்கு தந்த இன்பங்களில் தலையாயது.

கோடையில் பாஸ் மீன்கள் கூட்டங்கூட்டமாக இந்த விளிம்புகளுக்கு வந்துவிடுகின்றன. காலைமுழுதும் அவை அசையாமல் கிடப்பதுண்டு. பெரியவர் அப்போது தூண்டிலைத் தொடக்கூட மாட்டார். "தண்ணீர் நகரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்துவிடுவார். உச்சிவெயில் ஏறி, பள்ளத்தாக்கிலுள்ள நகரங்களின் வீடுகளிலும் கடைகளிலும் குளிர்சாதனங்கள் ஓடத் தொடங்கும்போது, மின்சாரத்தின் தேவை உயர்கிறது. தேவையை ஈடுசெய்ய அணைகளில் டர்பைன்களைச் சுழல விடுகிறார்கள். அதனால் அசைவற்றிருந்த ஏரி முழுவதும் மறுபடி நதியாகி ஓடத் தொடங்குகிறது. கப்பல் வழியைக் காட்டும் மிதவை நீரோட்டத்தின் பக்கம் தலைசாய்க்கும். ஷாட் என்னும் வெள்ளிநிறச் சிறுமீன்கள் ஓட்டத்தில் அடித்துக்கொண்டு வந்து விளிம்பைத் தாண்டும். உடனே பாஸ் மீன்கள் ஒரே திசையில் முகம் வைத்து, வரிசையிட்டு நின்று, வேட்டையைத் துவக்கும். எந்த வெக்கையினால் மனிதர் கதவடைத்து உள்ளே இருக்கிறார்களோ, அந்த வெக்கையே பல காத தூரம் கம்பி வழியாகச் சென்று, அணையைத் திறந்து, நீரின் அடியில் மீனுக்கு ஆகாரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று நினைக்க எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது. அந்த நேரத்தில், 1949 வாக்கில் ஓஹியோ மாநிலத்து நிக் கிரீம் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் வார்த்தெடுத்த பிளாஸ்டிக் புழுவின் வழிவந்த இரையொன்றை விளிம்பில் இழுத்தால், பசித்து வெளிவந்த மீன் அதைத் தானாக வந்து எடுத்துக்கொள்ளும்.

இரண்டு முறைகளிலும் மீன் பிடிபடுகிறது. சட்டத்தின் முன் இரண்டும் ஒன்றே. ஆயினும் இரண்டுக்குமுள்ள பேதம் சிறியதன்று என்பது என் முடிபு. ஒன்றில், மீன் தன் காரியத்துக்காகத் தன் இடத்தை விட்டு வெளியே வருகிறது. வேட்டையாடும் பிராணியாகிய அது, வேட்டையின் அபாயத்துக்கு உட்படுகிறது. மற்றொன்றில், வெளியே வர இயலாத நேரத்தில் அது ஒதுங்கிய இடத்துக்குள்ளேயே நாம் நுழைந்துவிடுகிறோம். அடைக்கலம் புகுந்ததைக் காட்டிக்கொடாமையைப் பெரிய அறமாகப் போற்றிய மரபில் வந்த எனக்கு, அந்தப் பூண்டுப் படலத்தைப் பிளந்து விழும் குண்டின் ஓசை மனத்துக்கு இசையவில்லை. நீரினுள் மீன் நிற்பதையும் திரும்புவதையும் அப்போதைக்கப்போது திரையில் காட்டும் சோனார் கருவிகள் வந்துவிட்டன. அவற்றை எந்த அளவுக்கு அனுமதிப்பது என்று போட்டி நடத்துகிறவர்களே இன்று வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இது கருவியைப் பற்றிய வாதம் மட்டுமன்று. மறைந்துகொள்ள ஓரிடமாவது எஞ்சியிருக்கும் உரிமை ஓர் உயிருக்கு உண்டா என்பதைப் பற்றிய வாதம்.

பிடித்து உண்பதை நான் குறை கூறவில்லை. 1932 ஜூன் 2ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்ற ஏழை விவசாய இளைஞர், நதி ஒதுக்கிவிட்டுப் போன மான்ட்கமரி ஏரியில் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பெருவாய் பாஸ் ஒன்றைப் பிடித்தார். 2009 ஜூலையில் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட மீனொன்று அதற்குச் சமமாக நின்றதேயன்றி, அந்த உலகச் சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. பஞ்சகாலத்து அந்தக் குடும்பம் அந்த மீனைச் சமைத்து உண்டது. அதில் ஒரு நேர்மை இருக்கிறது. பின்னாளில் இதே அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட், போட்டிகளால் ஏரிகள் வற்றிவிடக் கூடாதென்று, பிடித்ததைக் கொல்லாமல் திருப்பி விடும் பழக்கத்தை 1972 முதல் தம் மீன்பிடிப்போர் சங்கத்தின் போட்டிகளில் புகுத்தினார். அதுவும் பெரிய நன்மையே. ஆனால் திருப்பி விட்டதெல்லாம் பிழைத்துவிடுகிறது என்று நம்புவது, கோடையைப் பொறுத்தவரை நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். வெந்நீரில் போராடிக் களைத்து, படகின் தொட்டியில் மணிக்கணக்காக அடைபட்டு, எடை மேடையில் கூட்டத்தின்முன் தூக்கிக் காட்டப்பட்ட மீன், நீரில் விட்டவுடன் நன்றாகவே நீந்திப் போகும். பிறகு, பார்க்க ஒருவருமில்லாத ஆழத்தில் இறந்துபோகும். தண்ணீரின் உஷ்ணம் ஏற ஏற இவ்விதச் சாவு அதிகமாகிறது. ஆழத்திலிருந்து விரைந்து இழுக்கப்பட்டதற்கு உள்ளே இருக்கும் காற்றுப் பை ஊதிப்போய், மறுபடி கீழே இறங்கவும் முடியாமற்போவதுண்டு. பெரியவர் இதனால்தான் படகில் ஒரு வெப்பமானி வைத்திருக்கிறார். கையை நனைக்காமல் மீனைத் தொடமாட்டார். முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றிவிடுவார்.

மனிதர்களிடத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது என்பதே என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது. ஒருவரோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு, அவருடைய வெக்கை நேரம் எது, அப்போது அவர் எதனுள் போய் ஒதுங்குவார் என்பது தெரிந்துவிடுகிறது. என் தகப்பனார், கையில் பணமுடை வந்த நாள்களில், பின்னறையில் போய்ப் பழைய கணக்குப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதில் கூட்டவோ கழிக்கவோ புதிதாக ஒன்றும் இராது என்பது என் தாயாருக்குத் தெரியும். அந்த வேளையில் உள்ளே போய், கடன் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பதில் வந்திருக்கும். படபடத்து, கோபத்தோடு வந்திருக்கும். என் தாயார் போகமாட்டார். காபியை நிலைப்படிக்கு இப்பால் வைத்து, டம்ளர் தரையில் படும் ஓசை மட்டும் உள்ளே கேட்கும்படி செய்துவிட்டு வந்துவிடுவார். வேறொரு நாள், என் தகப்பனார் தாமாகவே திண்ணைக்கு வந்து வெற்றிலையைத் தடவிக்கொண்டு பேச்செடுக்கும்போது, எல்லாக் கேள்விகளையும் கேட்பார், கறாராகவே கேட்பார். கேளாமல் விட்ட கேள்வி ஒன்றும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அன்புடையவர்களின் சண்டைகளில் ஆறாத புண்ணை உண்டாக்கும் சொற்களோ, அநேகமாக, இப்படித் தெரிந்துகொண்ட இடத்தைப் பார்த்து, அந்த வேளையைப் பார்த்து இறக்கிய சொற்களாகவே இருக்கின்றன.

இப்போதெல்லாம், பிடித்த மீனைப் படகிலேயே எடை பார்த்து, அக்கணமே நீரில் விட்டுவிடும் போட்டி முறை ஒன்று நடப்பில் வந்திருக்கிறது. மேடையும் கரகோஷமும் அதில் இல்லாமையால் ஊர்ச் சங்கங்கள் பல தயங்குகின்றன. ஜூலை, ஆகஸ்டு மாதங்களுக்கு மட்டுமாவது அதையே கட்டாயமாக்க வேண்டும் என்று நான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். என் சொந்த வழக்கத்தில், படலத்தைப் பிளக்கும் கனத்த குண்டுகள் பெட்டியில் இல்லை. நீரோட்டத்துக்குக் காத்திருப்பதில் ஓர் இடைஞ்சல் மட்டும் இருக்கிறது: சனி, ஞாயிறுகளில் தொழிற்சாலைகள் ஓய்வதால் மின்தேவை குறைந்து, அணைகளில் நீர் விடுவதும் குறைந்துவிடுகிறது, மாதச் சம்பளக்காரனுக்கோ அந்த இரு நாள்களே விடுமுறை. ஆகையால் கோடையில் விடுப்பை வாரநாள்களில் எடுத்துக்கொள்கிறேன். எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் விடுவார்கள் என்று ஆணையம் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. பெரியவர் அதைப் பார்த்து முந்தின இரவே எனக்குச் சொல்லிவிடுகிறார்.