தியாகம் என்று எழுதிக் கணக்கை முடிப்பது

ஓர் இயக்கம் எவ்வளவு தீவிரமானது என்பதை எதைக் கொண்டு அளப்பது? அது எதையெல்லாம் மறுக்கிறது என்பதைக் கொண்டுதான் பொதுவாக அளக்கிறோம். கடவுளை மறுத்தால் தீவிரம், சாதியை மறுத்தால் தீவிரம், திருமணத்தையும் சொத்தையும் மறுத்தால் இன்னும் தீவிரம். எனக்கு இந்த அளவுகோல் போதவில்லை. எந்த மறுப்புக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுத்தார்கள், கொடுத்தபோது பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதையும் பார்த்தால்தான் ஓர் இயக்கத்தின் ஆழம் பிடிபடும்.

இந்தக் கேள்வியைச் சுயமரியாதை இயக்கத்திடம் கேட்டுப் பார்க்கிறேன். அது பெண்ணுக்கு எதிரான இயக்கம் என்பதால் அல்ல. 1929இல் செங்கல்பட்டு மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சம சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்று தீர்மானம் போட்ட இயக்கம் அது. கர்ப்பத்தடையைப் பற்றி மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணம் காட்டிப் பேசிய காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று சொன்னவர் பெரியார். இவ்வளவு தூரம் வந்தவர்களிடம்தான் இன்னும் கொஞ்ச தூரம் பற்றிக் கேட்க முடியும். வாசலைத் தாண்டாதவர்களிடம் என்ன கேட்பது?

முதலில் திருமணம். 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத திருமணம் நடந்தது. அதைத் தொடர்ந்து ஊர் ஊராகச் சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. மந்திரம் இல்லை, அக்கினி இல்லை, கன்னிகாதானம் இல்லை. தானமாகக் கொடுக்கப்படும் பொருளாக இல்லாமல், ஒப்பந்தம் செய்துகொள்ளும் மனுஷியாகப் பெண் மேடையில் உட்கார்ந்தாள். இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் சட்டம் அந்த மேடைக்கு வரவில்லை. சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுங்கால வழக்கமும் இல்லை, எனவே இது செல்லுபடியாகும் இந்துத் திருமணம் ஆகாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு ஆணையும் பெண்ணையும் ஒரே மாதிரித் தொடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். திருமணம் செல்லாது என்றாலும் அவன் தன் அப்பாவுக்கு மகன்தான். அவனுடைய பங்கு அவனுக்கு இருக்கிறது. அவளோ ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழக்கிறாள். 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்குக் கொடுத்த குறைந்தபட்சப் பங்கைக்கூட அவள் சட்டப்படியான மனைவியாக இருந்தால்தான் கேட்க முடியும். பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் ஆகிறார்கள். ஐயரை வேண்டாம் என்று சொன்னது இருவரும்தான். "வைப்பாட்டி" என்ற சொல் வந்து விழுந்ததோ அவள் ஒருத்தி மேல்.

1967இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ, ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று தமக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். முன்பு நடந்தவையும் செல்லும் என்றது திருத்தம். 1928இலிருந்து எண்ணினால் 39 ஆண்டுகள். அந்த 39 ஆண்டுகளில் கணவனை இழந்து, கொழுந்தன்மாரோடு பங்குக்காக மல்லுக்கட்டிய பெண்களை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் சட்டம் வரும்வரை காத்திருந்திருக்க வேண்டுமா? இங்கேதான் கவனம் தேவை. "பாதிக்கப்படுவது பெண்தானே, எதற்கு இந்த வேலை?" என்ற வாக்கியத்தை நம் வீடுகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பெண்ணின் மேல் அக்கறை போல ஒலித்து, பெண்ணை இருந்த இடத்திலேயே உட்கார வைக்கும் வாக்கியம் அது. சட்டம் வந்த பிறகு அந்தத் திருமணங்கள் நடக்கவில்லை. அந்தத் திருமணங்கள் நடந்ததால்தான் சட்டம் வந்தது. விலையைப் பற்றிப் பேசுகிற இருவரை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் விலையைக் காட்டி நடையை நிறுத்தச் சொல்கிறார். இன்னொருவர் அதை எப்படிப் பகிர்வது என்று கேட்டுக்கொண்டே கூட நடக்கிறார்.

தேவதாசி முறை ஒழிப்பில் இந்த இருவரையுமே பார்க்கலாம். சட்டமன்றத்தில் மரபைச் சொல்லி எதிர்த்தவர் சத்தியமூர்த்தி. அவர் இழக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் சென்னையில் தேவதாசிகளே சங்கமாகக் கூடி எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அதில் முன்நின்றவர். கலையும் சொத்தும் சுயமான வாழ்வும் பறிபோகும் என்று அவர்கள் சொன்னதை மரபுப் பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது. இன்னொரு பக்கம், அதே சமூகத்தில் பிறந்து, அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்து, அது ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். இருவர் பேச்சுக்கும் எடை உண்டு. இருவரும் விலை கொடுக்கும் இடத்தில் நின்று பேசியவர்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி செய்த ஒரு காரியம் இங்கே முக்கியம். பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1929இல், அவர் முயற்சியால் ஒரு திருத்தம் நிறைவேறியது. கோயில் ஊழியத்துக்காகத் தரப்பட்டிருந்த மானிய நிலத்தை, ஊழியம் செய்யாமலேயே அந்தப் பெண்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது அது. முதலில் காலுக்குக் கீழே தரை, பிறகு வெளியே வரச் சொல்லும் சட்டம். அந்தத் திருத்தம் எல்லாப் பெண்களையும் காப்பாற்றிவிடவில்லை. ஆனாலும் தடைபோடுவதற்கு முன்னால் சோற்றைப் பற்றி யோசித்ததை நான் மிதவாதம் என்று சொல்ல மாட்டேன். வேர்வரை போனவர்களுக்குத்தான் நிலம் கண்ணில் படும்.

1938க்கு வருவோம். நவம்பர் 13 அன்று சென்னையில் நடந்த பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வுக்குப் "பெரியார்" என்ற பட்டத்தைக் கொடுத்தது. மாநாடு முடிந்த கையோடு பெண்கள் இந்தி எதிர்ப்பு மறியலுக்குப் போய்க் கைதானார்கள். அந்தப் போராட்டத்தில் 73 பெண்களும் 32 குழந்தைகளும் சிறை சென்றதாகக் கணக்கு உண்டு. அந்த இரண்டாவது எண்ணில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களுடைய குழந்தைகள் எங்கே இருந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை, வீட்டில் ஒருத்தி இருந்தாள். பெண் சிறைக்குப் போனபோது குழந்தையும் இடுப்பில் போனது. அவர்கள் விரும்பித்தான் போனார்கள், அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவது அவமரியாதை. ஆனால் அரசைக் கலங்கடித்த ஒரு போராட்டத்தில்கூட, குழந்தையை வைத்துக்கொள்வது யார் என்ற ஏற்பாடு அசையாமல் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

நாம் அப்படி எழுதுவதில்லை. "தியாகம்" என்று எழுதுகிறோம். அந்தச் சொல் வந்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது. கடன் என்று சொன்னால் திருப்பித் தர வேண்டும். தியாகம் என்று சொன்னால் மாலை போட்டால் போதும். இராமாமிர்தம் அம்மையாரையே பாருங்கள். 1938இல், ஐம்பத்தைந்து வயதில், திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்த படையில் நடந்தவர். 1949இல் பெரியாரின் திருமணத்தை ஏற்க முடியாமல் அவரைவிட்டு விலகியவர். தலைவரிடமும் கேள்வி கேட்டவர். பிற்காலத்தில் அவர் பெயரை அரசு ஒரு திருமண உதவித் திட்டத்துக்கு வைத்தது. அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022இல்தான் அதே பெயரில் அது அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் உயர்கல்வித் திட்டமாக மாறியது. தங்கத்தைவிட இது அவருக்குக் கொஞ்சம் நெருக்கம் என்று நினைக்கிறேன். கல்லூரியில் அந்தப் பணத்தை வாங்கும் மாணவிகளில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று சொல்லியிருக்கிறோம்?

எல்லாம் பழைய கதை என்று தோன்றலாம். 2023இல் உச்சநீதிமன்றம், சுயமரியாதைத் திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்றது. வீட்டுக்குத் தெரியாமல், உயிருக்குப் பயந்து மணம் முடிக்கும் இணையர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் சாதி மறுத்து மணந்த பெண்ணுக்கு அன்று மாலை எடுத்துக் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். அடுத்த மாதம் வாடகைக்கு வீடு கிடைக்காதபோது, பிரசவத்துக்கு அம்மா வராதபோது, அவனே கையை ஓங்கும் ஒரு நாளில் "நீயாகத் தேடிக்கொண்டதுதானே" என்று பிறந்த வீடு சொல்லும்போது, அவள் யாருக்குப் போன் செய்வாள்?

ஓர் இயக்கம் என்னிடம் வந்து தன் கொள்கையைச் சொன்னால், இப்போதெல்லாம் நான் கேட்பது இதைத்தான். நீங்கள் எதை எதிர்க்கிறீர்கள் என்பது புரிகிறது. அந்தப் பெண் கூப்பிடும்போது எடுப்பதற்கு உங்களில் யார் இருப்பீர்கள்?