கைதட்டியவர்களின் பங்கு

1992 ஆகஸ்ட் 24 இரவு, ஜெர்மனியின் வடக்கே உள்ள துறைமுக நகரமான ரோஸ்டொக்கில், லிஷ்டன்ஹாகன் என்ற குடியிருப்புப் பகுதியில், சுவரில் சூரியகாந்திப் பூக்கள் பதித்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மீது இளைஞர் கூட்டம் பெட்ரோல் குண்டுகளை வீசியது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட வியட்நாமியர்கள், குழந்தைகள் உட்பட. போலீஸ் விலகிப் போயிருந்தது. தீயணைப்பு வண்டிகளைக் கூட்டம் வழிமறித்தது. கூரை வழியாகப் பக்கத்துப் படிக்கட்டுக்கு ஏறிப்போய்த்தான் அவர்கள் தப்பினார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் போனதற்கு அரசு பெருமைப்பட ஏதுமில்லை.

தாக்கியவர்கள் சில நூறு பேர். சுற்றி நின்று கைதட்டி ஆரவாரம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கானோர், அவர்களில் பலர் அக்கம்பக்கத்துக்காரர்கள். தீவிர வலதுசாரிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதல் கூட்டத்தோடு நின்றுவிடுகிறது. அது சுலபம். தீ வைப்பது தவறு என்று சொல்ல அறநூல் எதற்கு, காவல் நிலையம் போதும். கைதட்டியவர்களை என்ன செய்வது? அவர்கள் மீது வழக்கில்லை. ஆனால் அந்த ஆரவாரம் இல்லாமல் அந்த இரவு அப்படி நீண்டிருக்காது.

அவர்களுக்கும் சொல்வதற்கு ஒரு கதை உண்டு, அது பொய்க்கதையும் அல்ல. 1990 அக்டோபர் 3 அன்று, ரோஸ்டொக் இருந்த கிழக்கு ஜெர்மனி மேற்கு ஜெர்மனியோடு இணைந்து, தனி நாடாகவே இல்லாமல் போனது. அதன் அரசு நிறுவனங்களை விற்பதும் மூடுவதும் ட்ராய்ஹாண்ட் என்ற அமைப்பின் பொறுப்பானது. ஏறக்குறைய 40 லட்சம் பேருக்குச் சோறு போட்ட நிறுவனங்கள் அதன் கையில் இருந்தன. 1994 இறுதியில் அதன் வேலை முடிந்தபோது அந்த வேலைகளில் பாதிக்கு மேல் போயிருந்தன. ரோஸ்டொக்கின் கப்பல் கட்டும் தளங்கள் ஆளைக் குறைத்தன. இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், மேற்கே கிளம்பிப் போனார்கள். நேற்றுவரை மதிப்பாயிருந்த படிப்பும் தொழிலும் பதக்கமும் ஒரே ஆண்டில் கேலிப்பொருளாயின. 'நாம் யார்' என்ற கேள்வி அப்படிப்பட்ட இடத்தில் எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் அந்தக் கட்டடத்தில் இருந்த வியட்நாமியர்கள் யார்? 1980இல் இரு சோஷலிச அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் கிழக்கு ஜெர்மனித் தொழிற்சாலைகளுக்கு வந்தவர்களின் கூட்டம் அது. இணைப்புக்குப் பின் முதலில் வேலை போனவர்களில் அவர்களும் உண்டு. வேலையோடு, நாட்டில் தங்கும் உரிமையும் கேள்விக்குறியானது. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்கள். இங்கே தாக்கப்பட்டவர்கள் அம்புகூட அல்ல, அதே அம்பு தைத்தவர்கள்.

இழப்புதான் வெறுப்பை உண்டாக்குகிறது என்ற விளக்கம் இங்கேதான் தடுக்கி விழுகிறது. அதே நகரில், அதே வேலையிழப்புக்குப் பின், அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் அந்த வியட்நாமியர்கள் தியென் ஹொங் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 'பாவம், வேலை போனவர்கள், வேறென்ன செய்வார்கள்' என்று கைதட்டியவர்களுக்காக வாதாடுகிறவர் கருணை காட்டுவதாக நினைக்கிறார். உண்மையில் தன் செயலுக்குப் பொறுப்பேற்கும் தகுதியே இல்லாதவர்களாக அவர்களை ஆக்கிவிடுகிறார். 'படிக்காத இனவெறியர்கள்' என்று ஒதுக்குகிறவரும் வேறு வழியில் அதே இடத்துக்குத்தான் வருகிறார்.

தெரிந்த முகங்கள், பழகிய மொழி, தன் தெரு தன் தெருவாகவே இருக்கவேண்டும் என்ற ஆசை பாவமில்லை. குடியேற்றம் குறையவேண்டும் என்று வாக்களிப்பவர் எல்லாரும் தீவிரவாதிகளும் அல்லர். எல்லை வேறிடத்தில் இருக்கிறது. வந்து நிற்கும் மனிதரிடம் 'உனக்கு இங்கே இடமில்லை' என்று சொல்லும்போதும், ஏன் என்று அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோமா இல்லையா? கடமை இல்லை என்று தோன்றிவிட்டால், அப்புறம் அந்த மனிதர் அப்புறப்படுத்த வேண்டிய பொருள்தான். லிஷ்டன்ஹாகனில் அந்தப் பழக்கத்தை முதலில் கற்றுக்கொடுத்தது நிர்வாகம். தஞ்சம் கேட்டு வந்தவர்கள், அதிகமும் ருமேனியாவிலிருந்து வந்த ரோமா இனத்தவர், அதே கட்டடத்தில் இருந்த தஞ்ச மையத்தில் இடமில்லாமல் வாரக்கணக்கில் வெளியே புல்தரையில் படுத்துக் கிடந்தார்கள். போதுமான கழிப்பறைகூட ஏற்பாடு செய்யப்படவில்லை. அசிங்கத்தைச் சகிக்க முடியவில்லை என்று அக்கம்பக்கம் புகார் சொன்னது. அந்த அசிங்கத்தை உண்டாக்கியது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

பிறகு அரசு மக்கள் குரலைக் 'கேட்டது'. 1993 மே 26 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தித் தஞ்ச உரிமையைச் சுருக்கியது. திருத்தத்துக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். தீ வைத்தவர்கள் அதிலிருந்து படித்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: தீக்குப் பலன் உண்டு. மூன்றே நாளில் சோலிங்கன் நகரில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீடு கொளுத்தப்பட்டு, ஐந்து பெண்களும் சிறுமிகளும் இறந்தார்கள். சோலிங்கன் மேற்கு ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே ட்ராய்ஹாண்டும் இல்லை, மறைந்துபோன நாடும் இல்லை.

2025 பிப்ரவரித் தேர்தலில், குடியேற்றத்தை எதிர்க்கும் 'ஜெர்மனிக்கான மாற்று' கட்சி நாடு முழுக்க 20.8 சதவீத வாக்குகள் பெற்றது. பெர்லின் நீங்கலாகக் கிழக்கின் ஐந்து மாநிலங்களிலும் அதற்கே முதலிடம். அங்கே வெளிநாட்டவர் விகிதம் மேற்கைவிடக் குறைவு. இந்த வாக்காளர்களைக் கேட்கத்தான் வேண்டும் என்று மற்றக் கட்சிகள் சொல்கின்றன, சரிதான். ஆனால் மருத்துவர் இல்லாத சிற்றூர்க்காரர் புலம்பினால், பள்ளி மூடிய ஊர்க்காரர் கோபப்பட்டால், பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு எல்லைச் சோதனை அறிவிப்பு. அவர் கேட்டதில் மருத்துவரும் பள்ளியும் அப்படியே நிற்க, அவர் யார்மேல் பழி போட்டாரோ அந்தப் பெயரை மட்டும் அரசு எடுத்துக்கொள்கிறது.