புத்தாண்டுச் சங்கற்பம்

ஆண்டு பிறக்குந்தோறும் மக்கள் தம் மனத்துள் ஏதேனும் ஒன்றை உறுதி செய்தல் வழக்கம். சனவரி முதலாந் திகதியிலாயினும் சித்திரை வருடப்பிறப்பிலாயினும், ‘இனிச் சினங்கொள்ளேன்’, ‘இனி நாடோறும் கற்பேன்’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளாதார் அரியர். அவ்வுறுதி மாதமொன்று கழியுமுன் தளர்ந்துபோதலும் யாவரும் அறிந்ததே. பிறர்க்குக் கொடுத்த வாக்கைத் தவறினாற் கேட்பாருண்டு. தமக்கே கொடுத்த வாக்கைத் தவறினாற் கேட்பார் யார்? கேட்பாரின்மையின் அது குற்றமன்று எனலாமோ? இதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

குற்றமே என்பது எமது துணிபு. அஃது எங்ஙனமெனின், தனக்குச் சொன்ன சொல்லை எளிதிற் கைவிடுவோன் நாளடைவில் தன் சொல்லைத் தானே நம்பாத நிலையை அடைகின்றான். ஆண்டுதோறும் அவ்வாறு கைவிட்டுப் பழகியவன் உண்மையாகவே ஓர் அரிய செயலைத் தொடங்கவேண்டிய காலத்து, ‘இதுவும் அவ்வாறே முடியும்’ என்னும் ஐயம் அவனுள்ளிருந்தே எழும். ஆசிரியனுக்கோ இக்கேடு இருமடங்காம். தன்பால் இல்லாத உறுதியை அவன் மாணாக்கன்பால் எதிர்பார்க்கின்றான். இளஞ்சிறார் கேட்டுக் கற்பதினும் கண்டு கற்பது மிகுதியன்றோ?

அற்றேல், உறுதி செய்யாதிருத்தலே நன்று, செய்யாதவனுக்குத் தவறுதலும் இல்லையே என்பாருமுளர். அது பொருந்தாது. விதையாதவனுக்குப் பயிர் அழிதல் இல்லை, விளைவும் இல்லை. அமெரிக்க உளநூலார் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதனை எண்ணாலுங் காட்டுகின்றது. தம்மிடத்து ஒரு திருத்தம் வேண்டுமென விரும்பினோருள், புத்தாண்டில் உறுதி செய்துகொண்டோரில் நூற்றுக்கு 46 பேர் ஆறு மாதத்தின் பின்னும் வெற்றியுடன் நின்றனர். விரும்பியும் உறுதி செய்யாதோரில் அங்ஙனம் நின்றோர் நூற்றுக்கு 4 பேரே.

ஆயின், உறுதி தளர்தற்குக் காரணம் யாது? மனவலியின்மை என்பர் பலர். எல்லையின்மையே பெருங்காரணம் என்போம் நாம். நம் முன்னோர் வகுத்த விரதமுறையை நோக்குக. கந்தசட்டி விரதம் ஐப்பசி மாதத்து வளர்பிறைப் பிரதமை முதற் சட்டி ஈறாக 6 நாள். கேதாரகௌரி விரதம் 21 நாள். தொடக்கத்திற் சங்கற்பம் உண்டு. முடிவிற் பாரணம் உண்டு. இடையே இன்ன பொழுதில் இன்னது செய்க என்னும் வரையறை உண்டு. முதியோரும் இளையோரும் அவற்றை நோற்று முடித்தல் மனவலியால் மாத்திரமன்று, முடிவெல்லை கண்ணுக்குத் தோன்றுதலாலுமாம். ‘இனி ஒருபோதுஞ் சினங்கொள்ளேன்’ என்னும் உறுதிக்கோ தொடக்கம் உண்டு. முடிவில்லை, இடமில்லை, பொழுதுமில்லை. ஆதலின் அது விரதமாகாது வெறும் விருப்பமாய் நின்றொழிகின்றது.

பெரியோர் செயலும் இதற்குச் சான்றாம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் தமது முதற் பிரசங்கத்தை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே 1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை செய்தார்கள். அப்பொழுது அவர்களுக்கு வயது 25. ஆங்கில ஆண்டின் இறுதிநாள் என்பது பற்றி நாம் இதனைக் கூறவில்லை, வெள்ளிக்கிழமை என்பது பற்றியே கூறுகின்றோம். வெள்ளிதோறும் பிரசங்கம் என்று நாளும் இடமும் குறித்துச் செய்யப்பட்ட தொண்டு அது. அடுத்த ஆண்டிலே வண்ணார்பண்ணையில் வித்தியாசாலையும், 1864இற் சிதம்பரத்தில் வித்தியாசாலையும் தோன்றின. நாட்டையே திருத்துதல் என்பது பெரிய எண்ணம். ஒரு கிழமையில் ஒரு நாள் என்பது சிறிய அளவு. அச்சிறிய அளவைப் பற்றியே பெரிய எண்ணம் நடந்தது.

நம் ஆசிரியர்களும் இவ்வழியைக் கைக்கொள்ளலாம். ஆண்டு முழுவதற்கும் உறுதி செய்தலினும் ஒரு தவணைக்குச் செய்தல் நன்று. ‘பிள்ளைகளிடத்து அன்பாயிருப்பேன்’ என்பதினும், ‘இத்தவணை முடியுமளவும், பிழைவிட்ட பிள்ளையைக் கடியுமுன் அப்பிழை எங்ஙனம் நேர்ந்ததென ஒருமுறை கேட்பேன்’ என்பது நன்று. ‘நிரம்பக் கற்பேன்’ என்பதினும், ‘இரவு உணவின்பின் நான்கு பக்கம் படிப்பேன்’ என்பது நன்று. முன்னையதைக் காத்தோமா தவறினோமா என்று நமக்கே விளங்காது. பின்னையதோ அன்றன்றே விளங்கும்.

இனி, ஒருநாள் தவறினால் யாது செய்வது? ஈண்டே பலர் வீழ்கின்றனர். ‘தவறிவிட்டது, இனி அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்று முழுதும் விடுகின்றனர். ஒருநாட் பிழையினும் இதுவே பெரும்பிழை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர், நாடோறும் ஒரே சூழலில் ஒரு புதுச்செயலைச் செய்யத் தொடங்கிய 96 பேரை 12 கிழமை ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டு அச்சேற்றிய கட்டுரையில், பழக்கம் வேரூன்றுதற்கு ஆளுக்காள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேண்டுமெனவும், இடைநிலை 66 நாள் எனவும் கணித்தனர். ஒருமுறை தவறுதல் அப்பழக்கத்தைப் பெரிதும் கெடுப்பதில்லை என்பதும் அவர் கண்ட முடிபு. நம் நூல்கள் பிராயச்சித்தம் என ஒன்றை வகுத்தமையும், தவறியவன் மீளலாம் என்னும் கருத்துப்பற்றியேயாம். வணிகர் புதுக்கணக்குத் தொடங்குங்கால் பழைய நிலுவையை மறைப்பதில்லை, எடுத்தெழுதியே மேற்செல்வர். அதுபோலத் தவறிய நாளை ஒளியாது எண்ணி, மறுநாளே மீளத் தொடங்குக.

எழுத்தறியாத சிறுவன் ஒரே நாளில் எழுதப் படித்தானல்லன். அகரத்தைக் கோணலாக எழுதினான், அழித்தான், மீள எழுதினான். அவனுக்கு நாம் காட்டும் பொறுமையை நமக்கும் காட்டுதல் வேண்டும். அவனை விடாது எழுதச்செய்யும் கண்டிப்பையும் நம்மேற் செலுத்துதல் வேண்டும். இவ்விரண்டும் கூடிய இடத்தே சங்கற்பம் நிலைக்கும் என்பதை ஆசிரியப் பெருமக்கள் சிந்திப்பாராக.