ஓய்வும் வழிபாடும்: தில்லை மரபில் உழைப்பவரின் காலம்

உழைப்பவரின் காலம் யாருக்கு உரியது என்னும் கேள்வி தொழிற்சங்கங்களும் சட்டமன்றங்களும் மட்டும் ஆராய வேண்டிய ஒன்றன்று. அது சமயத்தின் கேள்வியும் ஆகும். செய்யும் தொழிலே வழிபாடு என்றால், அத்தொழிலிலிருந்து விலகியிருக்கத் தனியே ஒரு காலம் கேட்பது பக்திக் குறைவாகுமா, அல்லது தொழில் எவ்வளவு புனிதமானதாயினும் அதற்கு அப்பாலும் மனிதருக்கு ஒரு வாழ்வு உண்டு என்பதைச் சமயமே ஏற்கிறதா? பணிநேரத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் முறை, அதாவது நெகிழ்வான பணிநேரம், இன்று பரவலாகப் பேசப்படும் நிலையில், இக்கேள்வியை நேராக எதிர்கொண்ட கதையொன்று தில்லை எனப்படும் சிதம்பரத்தின் மரபிலேயே இருப்பது கருதத்தக்கது. திருநாளைப்போவார் எனப்படும் நந்தனாரின் கதையே அது.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, கொள்ளிடக் கரை நாட்டு ஆதனூரில் பிறந்த நந்தனார், ஊர்ப்பணிக்கு ஈடாக விடப்பட்ட நிலத்தின் விளைவைக் கொண்டு வாழ்ந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தவர். அவருடைய குலத்தொழிலே தொண்டாக, அதாவது பயன் கருதாது இறைவனுக்குச் செய்யும் பணியாக, மாறியிருந்தது. தில்லையிலேயே மண்பாண்டம் வனைந்து அடியார்களுக்கு ஓடு அளித்த திருநீலகண்ட நாயனாரும் இவ்வகையினரே. தொழிலே வழிபாடு என்னும் கொள்கைக்கு இவர்களைவிடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. ஆயினும் நந்தனாருக்கு அது போதவில்லை. தம் கையால் செய்த பொருள் சென்று சேரும் இடத்துக்குத் தாமும் செல்ல வேண்டும் என்னும் வேட்கை அவரை உறங்கவிடவில்லை. அவருடைய தொண்டை உயர்த்திப் பாடும் சேக்கிழார், அந்தத் தொண்டோடு அவருடைய வாழ்வு நிறைவுற்றதாகக் காட்டவில்லை என்பது இங்கு முதன்மையாகக் குறிக்கத்தக்கது.

பெரியபுராணத்தில் நந்தனாரைத் தடுத்து நிறுத்தும் முதலாளி எவரும் இல்லை. தம் பிறப்புக்குத் தில்லையில் இடமில்லை என்னும் எண்ணமே பயணத்தை நாளைக்கு நாளை ஒத்திவைக்கச் செய்கிறது. தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அவர் கோயிலுக்குள் செல்ல முடிந்தது என்னும் முடிவு, அன்றைய சமூகம் அவர்மீது சுமத்திய தடையின் கொடுமைக்கு அழியாத சான்றாக நிற்கிறது. ஏழு நூற்றாண்டுகள் கழிந்து, 1860-களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், இதே கதை வேறு வடிவம் கொள்கிறது. அங்கு நந்தனார் வேதியர் ஒருவரின் பண்ணையாள். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் செல்ல அவர் ஆண்டையிடம் விடை கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டையைப் புதிதாகப் படைத்ததன் வழியாக, காவிரிப் படுகையின் பண்ணையடிமை முறையைத் தம் கண்முன் கண்ட பாரதியார், ஒத்திவைப்பின் காரணத்தை அடியவரின் உள்ளத்திலிருந்து எடுத்து உழைப்பை ஆளும் அதிகாரத்தின் கையில் வைத்தார். அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் கூறிவிட்ட பிறகும், வயலில் அந்த உறவு மாறாமல் இருந்த காலம் அது.

கீர்த்தனையில் ஆண்டை விடை மறுப்பதற்குக் கூறும் காரணம் பொருளாதாரம் பற்றியதாக மட்டும் இல்லை. வயல்வேலையே நந்தனின் குலத்துக்கு விதிக்கப்பட்ட கடமை, சிதம்பர தரிசனம் அவனுக்கு உரியதன்று என்று தருமத்தையே அவர் துணைக்கு அழைக்கிறார். சேரியின் பெரியவர்களும் ஊர்த்தெய்வங்களை விட்டு எங்கும் போக வேண்டாம் என்று தடுக்கின்றனர். தன் உழைப்பைத் தொண்டாகக் கருதும் உரிமை உழைப்பவருக்கு உண்டு, அவ்வாறு கருதும்போது அது அவரை உயர்த்துகிறது. அதே கருத்தை அவருடைய உழைப்பால் பயன்பெறுபவர் ஆணையாகக் கூறும்போது, அது விடுப்பை மறுக்கும் கருவியாகத் திரிகிறது. அலுவலகமே குடும்பம், பணியே தவம் என்று இன்று நிருவாகங்கள் கூறும் சொற்களையும் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இறுதியில் ஆண்டை ஒரு நிபந்தனையோடு இசைகிறார்: நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்து அறுவடை செய்து கொடுத்துவிட்டுப் போகலாம். ஒரு வேலி ஏறத்தாழ 6.67 ஏக்கர் ஆகையால், நாற்பது வேலி என்பது 265 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு; இறையருளால் ஓரிரவில் அது முடிந்தது என்கிறது கதை. இந்த நிபந்தனையின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், எந்த நேரத்தில் வேலை செய்வது என்பதில் நந்தனுக்கு முழுச் சுதந்திரம் தரப்பட்டிருப்பதும், எவ்வளவு வேலை என்பதில் அணுவளவும் சுதந்திரம் இல்லாதிருப்பதும் விளங்கும். வேலையின் அளவு மனித ஆற்றலை மீறியிருக்கும்போது, நேரத்தின் நெகிழ்ச்சியால் எவருக்கும் ஓய்வு கிடைப்பதில்லை. வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பணிபுரிந்து, இலக்கை எட்டும் வரை நள்ளிரவிலும் விழித்திருப்பவரின் நிலையும், பண்ருட்டிப் பகுதியில் முந்திரிக்கொட்டையை எடைக்கணக்குக் கூலிக்கு உடைத்துத் தோல் நீக்கும் பெண்களின் நிலையும் இவ்வகையில் ஒன்றே.

ஓய்வு என்பது உழைப்பின் இடைவெளி மட்டும்தானா என்னும் அடிப்படைக் கேள்விக்குச் சைவ சித்தாந்தம் ஆழமான விடை தருகிறது. நடராசரின் கூத்து படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலைக் குறிக்கும். இவற்றுள் அழித்தலை அழிவாகச் சித்தாந்தம் கொள்வதில்லை. பிறவிதோறும் வினைப்பயனை நுகர்ந்து களைத்த உயிர்களுக்கு இறைவன் தரும் இளைப்பாறுதல் அது என்பதே கடலூர் மாவட்டத்துத் திருத்துறையூரைச் சார்ந்த அருணந்தி சிவாசாரியார் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார் தரும் விளக்கம். இளைப்பாற்றுவது இறைத்தொழில்களுள் ஒன்று என்றால், ஓய்வைச் சோம்பலென்று இகழ்வதற்குச் சமயத்தில் இடமே இல்லை. தில்லைக் கோயிலின் நடைமுறையும் இதனோடு ஒத்துச் செல்கிறது. இடையறாது ஆடுபவராகப் போற்றப்படும் பெருமானின் பாதுகைகள் இரவில் பள்ளியறைக்கு எழுந்தருள்கின்றன. நாள்தோறும் ஆறுகாலப் பூசை புரியும் தீட்சிதர்கள் முறைவைத்தே பணியாற்றுகின்றனர். திருமணமாகி இல்லறம் ஏற்ற பின்னரே அவர்களுக்குப் பூசை உரிமை வருகிறது. இறைப்பணியே முறைமாற்றத்தையும் இல்லறத்தையும் ஏற்று நடக்கும்போது, பிற பணிகள் அவற்றை மறுப்பதற்குப் புனிதத்தைக் காரணம் காட்ட முடியாது.

கதையில் இறையருள் செய்ததை நடப்புலகில் சட்டமே செய்ய வேண்டியிருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம் என்னும் வரம்பையும் வார விடுமுறையையும் வகுத்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்த மசோதா, நெகிழ்வான பணிநேரம் என்னும் பெயரில், இவ்வரம்புகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்து, 12 மணி நேர வேலைநாளுக்கு வழிவகுத்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு பெறலாம் என்று அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அந்த விளக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. குடும்பப் பொறுப்பு மிகுந்தவர்களுக்குத் தொடர்ந்த மூன்று நாள் ஓய்வு பெரும் பயன் தரக்கூடியதே. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் உண்மையான வலிமை தொழிலாளியிடம் இருக்குமா என்பதே தொழிற்சங்கங்கள் எழுப்பிய ஐயம். ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைக்கப்பட்ட மசோதா, மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இதற்கு மாறாக, பிரான்சு 2017 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், பணிநேரம் முடிந்த பின் அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பணியாளரின் பக்கம் வைத்தது. இரண்டும் நெகிழ்ச்சியைப் பற்றியவையே எனினும், நேரத்தை வளைக்கும் கை யாருடையது என்பதில் அவை வேறுபடுகின்றன.

நந்தனார் பட்ட துன்பத்துக்கு அற்புதம் ஒன்றே தீர்வு என்று சிதம்பரம் இருந்துவிடவில்லை. 1916-இல் சுவாமி சகஜானந்தர் அந்நாயனாரின் பெயராலேயே நந்தனார் கல்விக் கழகத்தை அங்கு நிறுவி, ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்கச் செய்தார். தனியொருவருக்கு வாய்த்த அருளை எல்லோர்க்கும் உரிய ஏற்பாடாக மாற்றும் முயற்சியாகவே அதனைக் கொள்ள வேண்டும். 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இந்தியா முழுமைக்கும் வந்ததும் அதே திசையில் எடுத்து வைத்த அடியாகும். உழைப்பு தொண்டாகலாம், ஆனால் உழைப்பவரின் காலம் இரக்கத்தால் தரப்படும் கொடையன்று, அது அவருக்கே உரியது. ஒவ்வோர் ஆண்டும் மார்கழித் திருவாதிரையன்று ஆருத்ரா தரிசனம் காணச் சிதம்பரத்துக்கு வருவோர், தம் வயலிலும் கடையிலும் வீட்டிலும் வேலை செய்பவர்களுக்கு, யாரிடமும் காரணம் கூறாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நாளேனும் உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் அதைத் தர முன்வர வேண்டும்.